அந்த 42 படிகளை அம்மாவிடமிருந்து பறிக்க வேண்டாம்

கேள்வி: கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தை ஒட்டிக் குடியிருக்கிறோம். அம்மாவுக்கு 67 வயது. சிறு பெண்ணாக இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர். 36 ஆண்டுகள் கொழுந்து பறித்து 58 வயதில் ஓய்வு பெற்றார். போன ஐப்பசி மழையில் வீட்டுப் படியில் வழுக்கி விழுந்து இடது மணிக்கட்டு உடைந்தது. மாவுக்கட்டுப் போட்டுக் கை கூடிவிட்டது. வீட்டிலிருந்து ரோட்டுக்கு 42 படிகள் இறங்க வேண்டும். விழுந்த நாளிலிருந்து அவரை நாங்கள் படி இறங்க விடுவதில்லை. எட்டு மாதமாக டிவி முன்னால்தான் இருக்கிறார். இப்போது நாற்காலியிலிருந்து எழுவதற்கே கையை ஊன்றுகிறார். முழங்கால் வலியும் சேர்ந்துகொண்டது. "உழைத்த உடம்பு, இனியாவது ஓய்வெடுக்கட்டும்" என்கிறார் என் சித்தி. கல்லூரியில் படிக்கும் மகனோ, வயதானவர்களும் எடை தூக்க வேண்டும் என்று வெளிநாட்டுப் பல்கலைக்கழக ஆய்வுகள் சொல்வதாக வாதாடுகிறான். நான் மேட்டுப்பாளையத்தில் படியில்லாத வீடாகப் பார்த்துக் குடிபோகலாம் என்று யோசிக்கிறேன். எது சரி?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

வீட்டை மாற்ற வேண்டாம். அட்வான்ஸ் கொடுத்துவிட்டால் பிறகு மனத்தை மாற்றிக்கொள்வது கஷ்டம் என்பதால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் அம்மாவின் கால்களுக்கு இன்று வேண்டியது அந்த 42 படிகளில்தான் இருக்கிறது. அதிலும், நீங்கள் பயந்து தடுத்து வைத்திருக்கிற இறக்கத்தில் இருக்கிறது. ஆனால் நாளைக் காலையே அவரைப் படியில் இறக்கிவிடாதீர்கள். அதற்கு முன் ஒரு வேலை பாக்கியிருக்கிறது.

"கை கூடிவிட்டது" என்று எழுதியிருக்கிறீர்கள். 67 வயதுப் பெண், நடந்துகொண்டிருக்கும்போது வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடைந்தால் அது கையோடு முடிந்துபோகிற விஷயம் அல்ல. எலும்பு மெலிந்து வருகிறது என்ற முதல் எச்சரிக்கை பல பெண்களுக்கு மணிக்கட்டு வழியாகத்தான் வருகிறது. அதைக் கண்டுகொள்ளாமல் விட்டால் அடுத்து முதுகெலும்பு, அதற்கடுத்து இடுப்பு. மாவுக்கட்டைப் பிரித்த நாளில் இதை யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை என்றால் நான் சொல்கிறேன்: எலும்பு மருத்துவரைப் பாருங்கள். எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்சா ஸ்கேன் கோயம்புத்தூரில் எடுக்கலாம். வைட்டமின் டி அளவையும் பார்த்துவிடச் சொல்லுங்கள். மருந்து தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறாரா, உட்கார்ந்து எழும்போது கண் இருட்டுகிறதா என்பதையும் அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

இனி சித்தி சொல்வதற்கு வருகிறேன். அவர் அன்பினால் சொல்கிறார், எனக்குத் தெரியும். இந்த மலையில் 20 ஆண்டுகளுக்கும் மேலாக பிசியோதெரபிஸ்ட்டாக இருக்கிறேன். ஓய்வு பெற்ற தோட்டத் தொழிலாளர்களின் வீடுகளில் நான் அதிகம் கேட்ட சொல் "உழைத்த உடம்பு"தான். அன்று உழைத்ததை உடம்பு சேமித்து வைத்திருக்கும், உட்கார்ந்து சாப்பிடலாம் என்ற நம்பிக்கை அதில் இருக்கிறது. தசைக்கு அப்படிப்பட்ட சேமிப்புக் கணக்கு கிடையாது. அமெரிக்காவின் ஆர்கன்சா பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான முதியவர்களைப் பத்து நாட்கள் படுக்கையிலேயே இருக்க வைத்துப் பார்த்தார்கள். அவர்களின் சராசரி வயது 67, உங்கள் அம்மாவின் வயது. பத்தே நாளில் கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ சதை கரைந்திருந்தது. 2007இல் வெளிவந்த ஆய்வு இது. உங்கள் அம்மா படுத்துக் கிடக்கவில்லை, உட்கார்ந்திருக்கிறார். ஆனால் எட்டு மாதமாக.

இன்னொன்று. கோபன்ஹேகனில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2021இல் வெளியிட்ட ஆய்வில், ஓய்வு நேரத்தில் உடம்பை அசைத்தவர்களுக்கு இதய நோய் குறைந்திருந்தது. வேலையில் உடம்பை வருத்தியவர்களுக்கு அது கூடியிருந்தது. வேலையில் எப்போது நிறுத்துவது, எப்போது மூச்சு வாங்கிக்கொள்வது என்பது நம் கையில் இல்லை. ஒரே அசைவு, நாள் முழுக்க, வருடக்கணக்காக. கூடைப் பாரத்தோடு சரிவில் நின்ற 36 ஆண்டுகள் உங்கள் அம்மாவின் முழங்காலிலும் கழுத்திலும் எதை விட்டுப் போயிருக்கும் என்பது எனக்குத் தெரியும். அவருக்கு ஓய்வு வேண்டும் என்பதில் சித்தியோடு எனக்குக் கருத்து வேறுபாடே இல்லை. அந்த ஓய்வில் என்ன செய்கிறார் என்பதுதான் கேள்வி.

இந்தப் பதிலை நான் இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு மருத்துவமனையில், முழங்கால் வலியோடு வந்த ஓய்வு பெற்ற ஒரு தோட்டத்து அம்மாவுக்கு "படி ஏறி இறங்க வேண்டாம்" என்று சீட்டில் எழுதிக் கொடுத்தேன். மூட்டுத் தேய்மானத்துக்கு அப்படித்தான் சொல்லிப் பழக்கம். இரண்டு ஆண்டுகள் கழித்து, அவருடைய இரண்டு மகன்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் அவரை உட்கார வைத்து, ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி வந்தார்கள். முழங்கால் முன்பைவிட மோசமாகியிருக்கவில்லை. தொடைதான் என் கைப்பிடியில் அடங்கிவிடும் போல மெலிந்திருந்தது. நான் சொன்னதை ஒரு நாள் தவறாமல் கடைப்பிடித்திருந்தார். அந்தத் தொடையை இன்றும் மறக்கவில்லை.

படி இறங்கும்போது காலில் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அம்மாவிடம் இதை அவருக்குத் தெரிந்த மொழியிலேயே சொல்லுங்கள். நிறைந்த கொழுந்துக் கூடையைத் தரையிலிருந்து தூக்குவது ஒரு வேலை. அதே கூடையைத் தொப்பென்று போட்டுவிடாமல், மெல்ல மெல்லத் தரைக்கு இறக்கி வைப்பது வேறொரு வேலை. தூக்கும்போது தசை சுருங்கி வேலை செய்கிறது. இறக்கி வைக்கும்போது அதே தசை, பாரத்தைப் பிடித்தபடியே நீண்டு கொடுக்கிறது. படி ஏறுவது தூக்குவது போல, மூச்சு வாங்கும். படி இறங்குவது இறக்கி வைப்பது போல. மூச்சு அவ்வளவாக வாங்காது, தொடையின் முன்பக்கத் தசை மட்டும் பிரேக் மாதிரி இழுத்துப் பிடித்துக்கொண்டே வரும். குறைந்த மூச்சில் தசைக்கு அதிக வேலை. மூச்சு இரைக்கும் முதியவர்களுக்கு இதைவிடத் தோதான பயிற்சி அரிது.

தைவான் ஆய்வாளர்களும், ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரின் எடித் கோவன் பல்கலைக்கழகப் பேராசிரியர் கென் நொசாகாவும் சேர்ந்து இதைச் சோதித்தார்கள். 60 வயதைத் தாண்டிய, உடல் எடை கூடிய 30 பெண்கள். பாதிப் பேர் மாடிப்படியில் ஏறி லிஃப்டில் இறங்கினார்கள். மீதிப் பேர் லிஃப்டில் ஏறிப் படியில் இறங்கினார்கள். வாரம் இரண்டு நாள், 12 வாரம், கொஞ்சமாகத் தொடங்கிப் போகப்போகக் கூட்டினார்கள். 2017இல் முடிவு வெளியானது. தொடை வலிமையும் எலும்பு அடர்த்தியும் ஏறியவர்களைவிட இறங்கியவர்களுக்கே கூடுதலாக முன்னேறியிருந்தன. உங்கள் அம்மாவுக்கு வேண்டிய இரண்டும் இவைதான்.

அப்படியானால் இறங்கும்போதுதானே முட்டி வலிக்கிறது என்று கேட்பார். உண்மை. ஜெர்மனியில் பெர்லினின் சாரிட்டே மருத்துவமனை ஆய்வாளர்கள், அளவுக் கருவி பொருத்திய செயற்கை முழங்கால் மூட்டுகளை வைத்து அளந்திருக்கிறார்கள். படி இறங்கும்போது மூட்டின்மீது உடல் எடையைப் போல் சுமார் மூன்றரை மடங்கு பாரம் விழுகிறது. சமதரையில் நடக்கும்போது சுமார் இரண்டரை மடங்கு. அந்தப் பாரத்தைத் தாங்கிக்கொள்ளத் தொடைத் தசை இல்லை என்றால் எல்லாம் மூட்டிலேயே இறங்கும். அதனால்தான் தசையை முதலில் நாற்காலியில் தயார் செய்துவிட்டுப் பிறகு படிக்குப் போகச் சொல்கிறேன்.

நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பின் குறுக்கே வைத்துக்கொண்டு எழ முயலட்டும். முடியவில்லை என்றால் இரண்டு தலையணை வைத்து உட்காரும் இடத்தை உயர்த்துங்கள். எழுவதைவிட உட்காருவதைக் கவனியுங்கள். தொப்பென்று விழக் கூடாது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணி முடிக்கும்போதுதான் உடம்பு இருக்கையைத் தொட வேண்டும். இதுவும் இறக்கம்தான், வீட்டுக்குள்ளேயே. ஐந்து தடவை, கொஞ்சம் இளைப்பாறிவிட்டு மறுபடி ஐந்து தடவை. ஒரு நாள் விட்டு ஒரு நாள், இரண்டு வாரம். 65 முதல் 69 வயதுப் பெண், கையை ஊன்றாமல் 30 விநாடியில் 11 தடவையாவது எழுந்து உட்கார வேண்டும் என்று ஒரு கணக்கு இருக்கிறது. இன்று அம்மாவால் ஒரு தடவைகூட முடியாமல் இருக்கலாம். மகன் கைபேசியில் நேரம் பார்த்து எண்ணிக்கையை நாட்காட்டியில் குறித்து வரட்டும்.

பிறகு படி. வீட்டு வாசலிலிருந்து முதல் வாரம் மூன்று படி இறங்கித் திரும்பி ஏறினால் போதும். வாரத்துக்கு மூன்று நாள். அடுத்த வாரம் ஆறு. இப்படி வாரம் மூன்று படி கூட்டினால் 14ஆம் வாரம் ரோட்டில் நிற்பார். இறங்கும்போது வலிக்கிற கால் முதலில், ஏறும்போது நல்ல கால் முதலில். நீங்கள் அவருக்கு ஒரு படி கீழே, சற்றுப் பக்கவாட்டில் நில்லுங்கள். கையைப் பிடித்து இழுக்க வேண்டாம். அது அவருடைய சமநிலையைக் கெடுக்கும். முதல் முறை இறங்கிய மறுநாளோ அதற்கடுத்த நாளோ தொடை கடுக்கும். பழக்கமில்லாத இறக்கத்துக்குத் தசை அப்படித்தான் பதில் சொல்லும், இரண்டு மூன்று நாளில் தானே அடங்கிவிடும். இரண்டாவது தடவை அவ்வளவு கடுக்காது. ஆனால் முட்டி வீங்கினாலோ, இரவில் தூங்க விடாமல் வலித்தாலோ, முதுகில் திடீரென்று கடும் வலி வந்தாலோ நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. 36 ஆண்டுகள் சரிவிலேயே நின்றவர் வீட்டுப் படியில் ஏன் விழுந்தார்? கொழுந்து பறிக்கும் பெண்கள் மலைச்சரிவில் இறங்குவதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். இரண்டு பக்கமும் இடுப்பளவு தேயிலைச் செடி. உள்ளங்கை செடியின் மட்டத்தைத் தடவிக்கொண்டே வரும். அழுத்திப் பிடிக்க மாட்டார்கள், தொட்டுக்கொண்டு வருவார்கள், அவ்வளவுதான். நிரை, அதாவது அந்தச் செடி வரிசை, முழுக்க அவர்களுக்குக் கைப்பிடி இருக்கிறது. உங்கள் வீட்டுப் படியில் அது இல்லை. இடுப்பு உயரத்தில் ஒரு இரும்புக் குழாய்க் கைப்பிடி, மேலிருந்து கீழ் வரை, முடிந்தால் இரண்டு பக்கமும். மேட்டுப்பாளையம் வீட்டு அட்வான்ஸுக்கு வைத்திருக்கும் பணத்தை இதில் போடுங்கள்.

படியின் பாசியைப் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்து எடுங்கள். ஒவ்வொரு படியின் விளிம்பிலும் வெள்ளைப் பெயின்டில் ஒரு கோடு இழுங்கள். வீட்டுக்குள் குளிருக்காகக் கம்பளி சாக்ஸோடு சிவப்புச் சிமென்ட் தரையில் நடக்கிறாரா? அந்த சாக்ஸ் படிப் பாசியை விட ஆபத்து. வார் இல்லாத ரப்பர் செருப்பும் வேண்டாம். குதிகாலைப் பிடிக்கும் கேன்வாஸ் ஷூ வாங்கிக் கொடுங்கள். மூக்குக் கண்ணாடி கீழ்ப்பாதி படிப்பதற்கும் மேல்பாதி தூரத்துக்கும் என்று இருந்தால், படியைக் குனிந்து பார்க்கும்போது படிப்பதற்கான பகுதி வழியாகத்தான் பார்ப்பார்; படி மங்கலாகத் தெரியும். வெளியே நடக்க மட்டும் தூரப்பார்வைக் கண்ணாடி தனியாக இருப்பது நல்லது. அதிகாலையில் போக வேண்டாம். கரடியும் காட்டெருமையும் எந்த நேரத்தில் தோட்டத்துப் பாதையில் நிற்கும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பனி விலகி, படி காய்ந்து, பத்து மணி வெயில் விழுந்த பிறகு போகட்டும்.

மகனிடம் அவன் சொல்வது சரி என்று சொல்லுங்கள். 1990இல் அமெரிக்காவின் பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் மருத்துவர் மரியா ஃபியாட்டரோனும் உடன் பணியாற்றியவர்களும் சராசரியாக 90 வயதான பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால்களால் எடை தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். ஒன்பது பேர் முடித்தார்கள். கால் வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியது. இரண்டு பேர் கைத்தடியை விட்டுவிட்டு நடந்தார்கள். ஆகவே 67 என்பது தாமதமே இல்லை. எடைக்கு ஜிம் தேட வேண்டாம். அரைக் கிலோ உப்புப் பாக்கெட்டைத் துணிப்பையில் போட்டுக் கணுக்காலில் கட்டி, நாற்காலியில் உட்கார்ந்தபடி காலை நீட்டி மடக்கட்டும். நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகம் வீட்டிலேயே செய்யும்படி வகுத்த பயிற்சி இப்படிப்பட்டதுதான்: கணுக்காலில் எடை, குதிகாலைத் தூக்கி நிற்பது, பக்கவாட்டில் நடப்பது, ஒரு காலுக்கு முன்னால் மறுகாலை ஒட்டி வைத்து நிற்பது. 80 வயதுக்கு மேற்பட்ட 233 பெண்களிடம் சோதித்து 1997இல் வெளியிட்டார்கள். ஓராண்டில் பயிற்சி இல்லாத குழுவில் 152 தடவை விழுந்திருந்தார்கள். பயிற்சி செய்த குழுவில் 88 தடவை. அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் டனீடினும் மேடும் பள்ளமுமான ஊர். உலகிலேயே மிகச் செங்குத்தான தெரு என்று கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்ற பால்ட்வின் தெரு அங்கேதான் இருக்கிறது. மேடான ஊர்க்காரர்கள் வயதானவர்களைச் சமவெளிக்கு அனுப்பாமல் கால்களைப் பலப்படுத்தினார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

சாப்பாட்டை ஒரு வரியில் முடிக்க முடியாது, ஆனாலும் சுருக்கமாகச் சொல்கிறேன். வீட்டிலேயே இருக்கும் நம் ஊர்ப் பெரியவர்கள் பலர் காலையிலும் மாலையிலும் சர்க்கரை போட்ட தேநீரும் வர்க்கியும் தின்று பசியை அடக்கிவிடுகிறார்கள். அதில் தசைக்கு ஒன்றும் இல்லை. 50 கிலோ எடையுள்ள முதியவருக்கு நாளைக்கு 50 முதல் 60 கிராம் புரதம் தேவை. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான் இருக்கிறது. முட்டை, பயறு, மொச்சை, சுண்டல், தயிர் என்று மூன்று வேளைக்கும் பிரித்துக் கொடுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. ரோட்டுக்கு இறங்கி அம்மா எங்கே போவார்? போக ஓர் இடமில்லாதவரை யாராலும் 14 வாரம் படி இறங்க வைக்க முடியாது. நியூயார்க்கில் ஜோ வர்கீஸ் என்ற நரம்பியல் மருத்துவரின் குழு, 75 வயதைத் தாண்டிய 469 பேர் தங்கள் ஓய்வு நேரத்தை எப்படிக் கழித்தார்கள் என்று ஆராய்ந்து 2003இல் வெளியிட்டது. படிப்பது, பலகை விளையாட்டுகள், இசைக்கருவி வாசிப்பது ஆகியவற்றில் ஈடுபட்டவர்களுக்கு மறதி நோய் குறைவாக வந்திருந்தது. உடலால் செய்யும் பொழுதுபோக்குகளில் நடனம் ஒன்றுதான் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. நடனம்தான் காப்பாற்றியது என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆடக்கூடிய உடம்பு இருந்தவர்களே ஆடியிருக்கலாம். ஆனால் ஒரு பிசியோதெரபிஸ்ட்டின் கண்ணோடு கும்மியைப் பாருங்கள். பக்கவாட்டில் காலடி, குனிந்து நிமிர்வது, கை தட்டுவது, வட்டத்தில் திரும்புவது, பாட்டை நினைவில் வைப்பது, பக்கத்தில் இருப்பவரோடு ஒத்துப் போவது. நான் ஒரு மணி நேரம் கற்றுக்கொடுக்கும் சமநிலைப் பயிற்சி முழுவதும் அதில் இருக்கிறது. எங்கள் பகுதிப் படுகர் ஊர்களில் ஹெத்தையம்மன் திருவிழா ஆட்டத்தில் தாத்தாக்கள் பேரன்களோடு ஒரே வட்டத்தில் ஆடுவதைப் பார்த்திருக்கிறேன். உங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் அம்மா கும்மி கொட்டியிருப்பார். அவரோடு நிரை பிடித்த தோழிகளில் யார் யார் இன்னும் அங்கே இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். படி முடியும் இடத்தில் அவர்களில் ஒருவர் காத்திருந்தால் மீதியை அம்மாவே பார்த்துக்கொள்வார். மேட்டுப்பாளையத்தில் படி இருக்காது. அந்தத் தோழியும் இருக்க மாட்டார்.

நாட்கணக்கு ஒன்று போட்டுப் பார்த்தேன். இந்த ஆனியில் மருத்துவரைப் பார்த்துவிட்டு, இரண்டு வாரம் நாற்காலி, பிறகு 14 வாரம் படி என்றால் ஐப்பசி பிறக்கும்போது ரோட்டைத் தொட்டுவிடலாம். கோத்தகிரிக்குப் பெருமழை வடகிழக்குப் பருவத்தில்தான் வரும். அதற்கு முன் கைப்பிடியைப் போட்டுவிட வேண்டும். கோயம்புத்தூர் பஸ் ஏறும் நாளிலேயே வெல்டிங் கடைக்காரரிடம் சொல்லி 42 படிக்கும் அளவெடுத்து வைக்கச் சொல்லுங்கள். நாற்காலி எண்ணிக்கை 11ஐத் தொடும்போது எனக்கு மறுபடி எழுதுங்கள்.